முதல் பேஸ் ஆன்டெனா எதை ஏத்தலாம்? டைபோல், வெர்டிகல், யாகி, எண்ட்-ஃபெட் எல்லாத்தையும் வச்சு ஒரு கணக்கு

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, ரிக்கும் (பேசவும் கேக்கவும் ஆகுற ரேடியோ பெட்டி) வாங்கியாச்சு, இப்ப வீட்டு மேல என்ன ஆன்டெனா ஏத்துறதுன்னு கேக்குறவங்க கிட்ட நான் முதல்ல திருப்பி கேக்குறது ரெண்டே கேள்வி தான். யார் கூட பேசப் போறீங்க, எவ்வளவு உயரத்துக்கு ஏத்த முடியும். இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, ஆனா நிறைய பேர் இதை விட்டுட்டு நேரா பெட்டி மேல அச்சடிச்சிருக்கிற கெயின் நம்பரை (சிக்னலை ஒரு பக்கமா எவ்வளவு குவிக்குதுங்கிற கணக்கு) பாத்து வாங்கிடறாங்க, அப்புறம் மீட்டர்ல எஸ்டபிள்யூஆர் (அனுப்புற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற நம்பர், 1-னா ஒண்ணும் திரும்பல) 1.2 காட்டுது ஆனா யாருமே பதில் சொல்ல மாட்டேங்குறாங்கன்னு வந்து நிக்கிறாங்க. அதனால தான் இதை கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

உங்க ஊர் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி திரும்ப அனுப்புற நிலையம்), பக்கத்து ஊர் ஆளுங்க, எஃப்எம்-ல பேச்சு, இது தான் இப்போதைக்கு வேணும்னா உங்களுக்கு 2 மீட்டர் பேண்டு (அலைநீளம் 2 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 70 சென்டிமீட்டர் பேண்டு (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) போதும், அங்க உயரம் தான் ராஜா. இந்த அலைங்க கிட்டத்தட்ட பார்வைக்கோடு மாதிரி தான் போகும், ரேடியோ தொடுவானம் எவ்வளவு தூரம்னு பாக்க உயரத்தை மீட்டர்ல எடுத்து அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க, கிலோமீட்டர்ல வந்துடும். 3 மீட்டர் உயரத்துல 7 கிலோமீட்டர் சொச்சம், 10 மீட்டர்ல 13 கிலோமீட்டர். எதிர்ல இருக்கிறவர் ஆன்டெனாவும் 10 மீட்டர்ல இருந்தா அவர் பங்கு 13 சேந்து 26 ஆகும், அவர் மலை மேல இருக்கிற ரிப்பீட்டர்னா இன்னும் ரொம்ப தூரம். பவரை 5 வாட்ல இருந்து 50 வாட்டுக்கு ஏத்துறதை விட ஆன்டெனாவை ஜன்னல் கிட்ட இருந்து மொட்டை மாடிக்கு ஏத்துறது தான் அதிக பலன் குடுக்கும். நான் இதை நேர்லயே பாத்திருக்கேன், ஒரே ஹேண்டி (கையில பிடிக்கிற சின்ன ரேடியோ), ஒரே கிரவுண்ட் பிளேன் (அடுத்து சொல்லப் போற எளிய ஆன்டெனா), ரூம் உள்ள வச்சப்ப ரிப்பீட்டர் இரைச்சலோட விட்டு விட்டு தான் வந்துச்சு, அதையே ஒரு குழாய்ல கட்டி மாடிக்கு மேல தூக்கினதும் பின்னாடி இரைச்சலே இல்லாம பேசுறவர் மூச்சு விடுறது கூட கேட்டுச்சு.

இந்த பேண்டுகளுக்கு வீட்லயே செய்யக்கூடியதுல ரொம்ப எளிமையானது கால் அலை (அலைநீளத்துல கால் பங்கு) கிரவுண்ட் பிளேன். கேபிள் மாட்ட ஒரு எஸ்ஓ-239 சாக்கெட், நடுவுல நிக்கிற ஒரு கம்பி, நாலு மூலையில ஸ்க்ரூ போட்டு கீழ சாய்ச்ச நாலு கம்பி, அவ்வளவு தான் ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடு கம்பி 49 சென்டிமீட்டர், கீழ சாய்ச்ச கம்பி (இது தான் ரேடியல்) ஒவ்வொண்ணும் அதை விட கொஞ்சம் நீளமா 51, 52 வச்சா சரியா இருக்கும். ரேடியலை படுக்கையா வச்சா இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு ஆன்டெனா காட்டுற எதிர்ப்பு) 36 ஓம் பக்கம் இருக்கும், 45 டிகிரி கீழ சாய்ச்சா ரிக்கும் கேபிளும் எதிர்பாக்குற 50 ஓம் பக்கம் வந்துடும், அதனால தான் எல்லாரும் சாய்ச்சு வைக்கிறாங்க. அதே கம்பி 435-லயும் முக்கால் அலையா வேலை செய்யும், ஆனா அங்க சக்தி கொஞ்சம் மேல் பக்கமா போயிடும், பக்கத்துல பேச பரவால்ல, தூரத்துக்கு எதிர்பார்க்காதீங்க.

ஜே-போல் இதுக்கு அண்ணன் மாதிரி. மேல அரை அலை, கீழ மேட்சிங்குக்கு (கேபிளோட ஒத்துப்போக வைக்க) ஒரு கால் அலை, மொத்தம் ஒன்றரை மீட்டர், ரேடியல் தேவையில்ல, அதனால ஒல்லியா நிக்கும், கண்ணுக்கும் உறுத்தாது. செப்பலின் ஆகாயக்கப்பல்ல இருந்து கீழ தொங்க விட்ட ஒயர் ஆன்டெனாவோட வழித்தோன்றல் தான் இது. கெயின் பெருசா ஒண்ணும் கூடாது, ஒரு டைபோல் (நடுவுல கேபிள் சேர்ற ரெண்டு ஒயர்) அளவு தான். பழைய டிவிக்கு வர்ற 300 ஓம் தட்டை ஒயர்ல செஞ்சா சுருட்டி பையில போட்டுக்கலாம். ஒரே தொந்தரவு, கோஆக்ஸோட (ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கிற உருண்டைக் கேபிள்) வெளிப்பக்கமும் சேந்து அலையை வீசும், ஆன்டெனாவுக்கு கீழயே கேபிளை நாலஞ்சு சுத்து சுத்தி கட்டுங்க, இல்ல ஃபெரைட் மணி மாட்டுங்க. இன்னொண்ணு, பிவிசி குழாய்க்குள்ள போட்டா ட்யூன் ஆகுற அலைவரிசை கீழ இறங்கும், அதனால குழாய்க்கு வெளிய வச்சு ட்யூன் பண்ணிட்டு அப்புறம் உள்ள தள்ளாதீங்க, உள்ள போட்ட பிறகு தான் அளக்கணும்.

அப்புறம் கடையில கிடைக்கிற வெள்ளை ஃபைபர்கிளாஸ் டூயல் பேண்டு வெர்டிகல். ஒன்றரை, ரெண்டு மீட்டர்ல வர்ற சின்ன சைஸே முதல் ஆன்டெனாவுக்கு தாராளம். ரெண்டு பேண்டுலயும் ஒழுங்கா வேலை செய்யும், வெயில் மழை தாங்கும், ட்யூன் பண்ற வேலையே இல்ல, நேரம் இல்லாதவங்களுக்கு நான் இதைத் தான் சொல்லுவேன். கெயின் நம்பர் பாக்கும்போது மட்டும் டிபிஐயா (எல்லா பக்கமும் சமமா வீசுற கற்பனை ஆன்டெனாவோட ஒப்பிட்டது) டிபிடியா (டைபோலோட ஒப்பிட்டது) ன்னு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல 2.15 டெசிபல் வித்தியாசம் இருக்கு, ரெண்டுமே போடாம வெறும் டெசிபல்னு மட்டும் போட்டிருந்தா அந்த நம்பரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க. 5 மீட்டர் நீளத்துல வர்றதை முதல்லயே வாங்க வேணாம், காத்துல ஆடுறதுக்கு நல்ல மாஸ்ட்டும் (கம்பம்) அதை இழுத்துக் கட்டுற ஒயரும் வேணும், அந்த செலவை கேபிள்ல போடலாம்.

கேபிள் பத்தி தான் நான் முக்கியமா சொல்ல வந்ததே. ரூம்ல இருந்து மாடி மேல போக 20 மீட்டர் கோஆக்ஸ் வேணும்னு வச்சுக்கோங்க. மெலிசான ஆர்ஜி-58 போட்டா 145 மெகாஹெர்ட்ஸ்ல அந்த 20 மீட்டர்ல ஏறத்தாழ 4 டெசிபல் போயிடும், அதாவது ரிக் 50 வாட் குடுத்தா ஆன்டெனாவுக்கு போய் சேர்றது 20 வாட். 435-ல 7 டெசிபலுக்கு மேல போகும், 50-ல 10 வாட் கூட மிஞ்சாது. அதே 20 மீட்டர் எல்எம்ஆர்-400 ரகம்னா 145-ல 1 டெசிபல் தான், 40 வாட் மேல போய் சேரும். ஆர்ஜி-213 ரெண்டுக்கும் நடுவுல, 34 வாட் கிட்ட. கிரவுண்ட் பிளேனை விட 4 டெசிபல் கூடன்னு சொல்லி நிறைய காசு குடுத்து வாங்குற பெரிய வெர்டிகல் இருக்கே, அதோட அந்த 4 டெசிபலை ஒரு மோசமான கேபிள் அப்படியே தின்னுடும். கேக்கும்போதும் இதே நஷ்டம் தான், அனுப்புறதுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க.

இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு. நஷ்டம் ஜாஸ்தியான கேபிள் எஸ்டபிள்யூஆர் மீட்டரை ஏமாத்தும். திரும்பி வர்ற அலையும் அதே கேபிள் வழியா தானே வரணும், போகும்போது 7 டெசிபல், வரும்போது 7 டெசிபல், ஆக ரிக் கிட்ட வந்து சேரும்போது ரொம்ப சின்னதா ஆகிடும், மீட்டர் சந்தோஷமா நல்ல நம்பர் காட்டும். மேல ஆன்டெனாவே இல்லாம கேபிள் முனை சும்மா தொங்கினாலும் 20 மீட்டர் ஆர்ஜி-58-ல 435 மெகாஹெர்ட்ஸ்ல கீழ இருந்து அளந்தா எஸ்டபிள்யூஆர் 1.5 பக்கம் தான் காட்டும். நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்குற சின்ன கருவி) இருந்தா நீங்களே பண்ணிப் பாக்கலாம், ரிக்ல இருந்து பவர் விட்டு மட்டும் பண்ணாதீங்க. நல்ல எஸ்டபிள்யூஆர் கிடைக்கணும்னா டம்மி லோடு (பவரை வெறும் சூடாக்குற 50 ஓம் ரெசிஸ்டர்) மாட்டினாலே போதும், 1.0 காட்டும், ஒருத்தருக்கும் கேக்காது. அதனால எஸ்டபிள்யூஆரை ரிக் பத்திரமா இருக்கான்னு பாக்க மட்டும் வச்சுக்கோங்க, 1.5-ல திரும்பி வர்றது 4 சதவீதம், 2-ல 11 சதவீதம், இதுக்காக தூக்கம் கெட வேண்டியதில்ல.

யாகி பத்தி சுருக்கமா, பழைய டிவி ஆன்டெனா மாதிரி ஒரு தண்டுல வரிசையா கம்பிங்க (எலிமெண்ட்) நிக்கிறது. 1926-ல ஜப்பான்ல தோஹோகு பல்கலைக்கழகத்துல ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் சேந்து உலகத்துக்கு குடுத்தது, உழைப்பு பெரும்பாலும் உடாவோடது, அதனால நான் யாகி-உடான்னு தான் சொல்லுவேன். மூணு எலிமெண்ட் போட்டாலே 7 டிபிஐ பக்கம் கெயின் வரும், ஆனா ஒரே பக்கம் தான் பாக்கும், திருப்ப ரொட்டேட்டர் வேணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓடணும். உங்களுக்கு இருக்கிறதே தூரத்துல ஒரே ஒரு ரிப்பீட்டர் தான்னா, அப்ப யாகியை முதல் ஆன்டெனாவா வைக்கிறது நியாயம், அந்தப் பக்கம் திருப்பி இறுக்கிட்டு விட்டுடலாம். எஃப்எம் ரிப்பீட்டருக்கு எலிமெண்ட் எல்லாம் செங்குத்தா நிக்கணும், படுக்கையா வச்சா 20 டெசிபல் வரைக்கும் நஷ்டம் ஆகலாம். மத்தவங்களுக்கு எல்லா பக்கமும் கேக்குற வெர்டிகல் தான் முதல்ல, ஏன்னா புதுசா வந்தவங்களுக்கு யார் எங்க இருக்காங்கன்னே தெரியாது, முதல்ல கேட்டுப் பழகணும்.

இப்ப ஹெச்எஃப் (3-ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்). தூர தேசம், எஸ்எஸ்பி (குரல்ல பேசுறது), மோர்ஸ், எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா அனுப்புறது) இதெல்லாம் தான் ஆசைன்னா கதை வேற, இங்க கேபிள் நஷ்டம் பெரிய விஷயம் இல்ல, 7 மெகாஹெர்ட்ஸ்ல அதே 20 மீட்டர் ஆர்ஜி-58-ல 1 டெசிபல் கூட போகாது. இங்க இடம் தான் பிரச்சனை.

என் ஓட்டு டைபோலுக்கு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரெண்டு ஒயர், நடுவுல கோஆக்ஸ், 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வந்துடும். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம், ஒரு பக்கம் 10 மீட்டர். 14.2-க்கு அதுல சரி பாதி. ரெண்டு முனையையும் தூக்க ரெண்டு கம்பம் இல்லையா, நடுவுல ஒரே கம்பம் வச்சு ரெண்டு பக்கமும் கூடாரம் மாதிரி சாய்ச்சு கட்டுங்க, அது தான் இன்வர்டட் வி. ரெண்டு ஒயருக்கும் நடுவுல 90 டிகிரிக்கு குறையாம பாத்துக்கோங்க, முனைகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும், ஏன்னா வோல்டேஜ் உச்சத்துல இருக்கிறது அந்த முனையில தான், 100 வாட்ல தொட்டா தோல் சுடும்.

வெட்டுற விஷயத்துல ஒரு பொறுமை வேணும். உறை போட்ட ஒயர்னா கணக்குல வர்றதை விட சில சதவீதம் குறைவான நீளத்துல ட்யூன் ஆகும், உயரமும் பக்கத்துல இருக்கிற சுவரும் கூட மாத்தும், அதனால முதல்ல நீளமாவே வெட்டுங்க. உதாரணத்துக்கு மொத்தம் 20.7 மீட்டர் வச்சு ஏத்தி அளந்தா 6.9-ல ரெசனன்ஸ் (ஆன்டெனா ட்யூன் ஆகுற இடம்) காட்டுதுன்னு வைங்க, உங்களுக்கு 7.1 வேணும், 20.7-ஐ 6.9-ஆல பெருக்கி 7.1-ஆல வகுத்தா 20.12, ஆக மொத்தம் 58 சென்டிமீட்டர் குறைக்கணும், ஒரு பக்கத்துக்கு 29. அதையும் உடனே கட் பண்ணாம முனையை மடிச்சு ஒயர் மேலயே முறுக்கி விடுங்க, அளந்து பாத்து சரியா வந்தா அப்படியே விட்டுடலாம், தப்பா போனா திரும்ப அவுத்துக்கலாம்.

உயரம் இங்கயும் பேசும், ஆனா வேற மாதிரி. 40 மீட்டர் பேண்டு டைபோலை 10 மீட்டர் உயரத்துல கட்டினா சக்தி பெரும்பாலும் நேரா மேல போய் அயனி மண்டலத்துல பட்டு திரும்ப கீழ விழும், 400, 500 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்க கூட பேச அது அருமை, பகல் நேரத்துல பக்கத்து ஊர் ஆளுங்க எல்லாம் தெளிவா வருவாங்க. அதே 10 மீட்டர் உயரம் 20 மீட்டர் பேண்டுக்கு அரை அலை ஆகிடுது, அங்க 30 டிகிரி பக்கம் கிளம்பும், கண்டம் தாண்டும். அதனால ஒரே கம்பத்துல, ஒரே கோஆக்ஸ்ல, 40-க்கு ஒரு ஜோடி 20-க்கு ஒரு ஜோடின்னு ரெண்டு ஜோடி ஒயர் கட்டினா முதல் ஹெச்எஃப் ஆன்டெனாவுக்கு அதை விட நல்லது எனக்குத் தெரியல. 40-க்கான ஜோடி 15 மீட்டர் பேண்டுலயும் மூணாவது ஹார்மோனிக்ல (மூணு மடங்கு அலைவரிசையில) ஓரளவு ஒத்துழைக்கும். கேபிளோட வெளிப்பக்கம் கரண்ட் ஓடாம தடுக்க நடுவுல 1:1 பாலன், இல்ல கோஆக்ஸ் சோக், கட்டாயம்.

டைபோலுக்கு நேர் போட்டி எண்ட்-ஃபெட் அரை அலை. 20 மீட்டர் ஒயரோட ஒரு முனையில 49:1 டிரான்ஸ்ஃபார்மர் (முனையில இருக்கிற பெரிய இம்பீடன்ஸை 50 ஓம் பக்கம் இறக்குறது), மறு முனையை எங்கயாவது மரத்துலயோ கம்பத்துலயோ கட்டிட்டா 40, 20, 15, 10 நாலு பேண்டும் ட்யூனர் (ரிக்குக்கு 50 ஓம் மாதிரி காட்டுற பெட்டி) இல்லாமலே கிடைக்கும். ரூம் வீட்டோட ஒரு ஓரத்துல இருக்கு, ஒயர் ஜன்னல்ல இருந்து கிளம்பி ஒரே பக்கம் போகணும்னா இது தான் பொருத்தம், டைபோலுக்கு நடுவுல தொங்குற கேபிளோட எடையும் இங்க இல்ல. ஆனா ஆன்டெனாவோட மறு பாதி எங்கன்னு கேட்டா அது உங்க கோஆக்ஸோட வெளிப்பக்கம் தான், அதனால கரண்ட் ரூம் வரைக்கும் நடந்து வரும், மைக்கை உதடு கிட்ட கொண்டு போனா சுருக்குன்னு குத்தும், எஃப்டி8 அனுப்புற நேரத்துல கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி அறுந்து போகும். ஒரு நல்ல சோக்கை கேபிள்ல ரூம் பக்கமா போட்டா சரியாகும். டிரான்ஸ்ஃபார்மர் கோர் சின்னதா இருந்தா எஃப்டி8 மாதிரி விடாம அனுப்புற மோடுல சூடாகும், அனுப்பி முடிச்சதும் பெட்டியைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா உங்க பவர் அங்க தான் போகுது.

வெர்டிகல் ஹெச்எஃப் ஆன்டெனா இடம் குறைவா இருக்கிறவங்களுக்கு ஆசை காட்டும், தாழ்வான கோணத்துல கிளம்பும், தூர தேசத்துக்கு நல்லது, எல்லாம் உண்மை தான். ஆனா தரையில வச்சா அதோட மறு பாதி மண்ணு, மண்ணுல பவர் சூடாகி போகாம இருக்க ரேடியல் பரப்பணும். 1937-லயே பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன்னு மூணு பேர் 113 ரேடியல் வரைக்கும் புதைச்சு அளந்து காட்டினாங்க, நம்ம வீட்டுக்கு 16-ல இருந்து 32 போட்டா போதும், நீளம் கூட ரொம்ப கணக்கு பாக்க வேணாம். இங்கயும் எஸ்டபிள்யூஆர் பொய் சொல்லும். கால் அலை வெர்டிகலோட ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் (அலையா வெளிய போற பவருக்கான எதிர்ப்பு) 36 ஓம், மண்ணுல 14 ஓம் நஷ்டம் சேந்தா சரியா 50, மீட்டர் 1.0 காட்டும், கால் பங்குக்கு மேல பவர் மண்ணை சூடாக்கிட்டு இருக்கும். இன்னும் ரேடியல் போட்டு நஷ்டத்தை குறைச்சா எஸ்டபிள்யூஆர் 1.4 பக்கம் ஏறும், ஆன்டெனா மோசமாயிடுச்சுன்னு நினைச்சு எடுத்துடாதீங்க, இப்ப தான் அது நல்லா வேலை செய்யுது. வீட்டைச் சுத்தி எல்இடி லைட், சோலார் இன்வர்ட்டர், சார்ஜர் நிறைய இருந்தா வெர்டிகல் அந்த இரைச்சலையும் சேத்து வாங்கும், இது பெரிய குறை.

பால்கனி மட்டும் தான் இருக்குன்னா மேக்னெடிக் லூப், ஒரு மீட்டர் வட்டம், ஆச்சரியமா வேலை செய்யும், ஆனா அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தாலும் திரும்ப ட்யூன் பண்ணணும், 100 வாட் விட்டா கெப்பாசிட்டர்ல கிலோவோல்ட் கணக்குல வோல்டேஜ் நிக்கும், அதனால குறைஞ்ச பவர்ல, ஆள் தள்ளி இருந்து தான். 9:1 பெட்டி போட்ட ராண்டம் ஒயர், ட்யூனர் இருக்கிறவங்களுக்கு ஆபத்துக்கு பரவால்ல, ட்யூனர் ரிக்கை சமாதானப்படுத்தும், ஒயர் அதே ஒயர் தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இடம் பாக்கும்போது முதல்ல மின்கம்பி எங்க போகுதுன்னு பாருங்க. மாஸ்ட் எந்தப் பக்கம் விழுந்தாலும், ஏத்தும்போது கை நழுவினாலும், அந்தக் கம்பியைத் தொடக்கூடாது, தொடுற தூரம்னா அந்த இடமே வேணாம், எவ்வளவு நல்ல உயரமா இருந்தாலும் சரி. மாஸ்ட்டுக்கு எர்த், கோஆக்ஸ் வீட்டுக்குள்ள நுழையிற இடத்துல அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலை எர்த்துக்கு விடுறது), அந்த எர்த்தும் வீட்டு எர்த்தும் தடிமனான ஒயரால ஒண்ணா சேந்திருக்கணும். இடி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே கேபிளைக் கழட்டி வச்சுடுங்க, இடிக்க ஆரம்பிச்ச பிறகு கிட்ட போகாதீங்க.

கடைசியா கனெக்டர். என் டூயல் பேண்டு வெர்டிகல் ஒரு மழைக்காலம் முடிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா காது மந்தமான மாதிரி ஆச்சு, எஸ்டபிள்யூஆர் நல்லாவே இருந்துச்சு, சொல்லப் போனா முன்னாடியை விட நல்லா இருந்துச்சு, அதனால பல வாரம் ஆன்டெனா பக்கமே போகல. மேல ஏறி கேபிள் முனையில இருக்கிற பிஎல்-259 கனெக்டரைக் கழட்டினா உள்ள இருந்து ஒரு சொட்டு தண்ணி விரல்ல விழுந்துச்சு. கேபிள் உறையை ஒரு சாண் கிழிச்சுப் பாத்தேன், பின்னல் செம்பு நிறமே இல்ல, கருப்பு, இன்னொரு சாண், அப்பவும் கருப்பு, ரெண்டு மீட்டர் வெட்டி எறிஞ்ச பிறகு தான் பளபளன்னு செம்பு தெரிஞ்சுது. தண்ணி குடிச்ச கேபிளோட நஷ்டம் ஏறினதால தான் எஸ்டபிள்யூஆர் அவ்வளவு அழகா இருந்திருக்கு. இப்ப எல்லா ஜாயிண்ட்டுக்கும் தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து கீழ இருந்து மேல சுத்தி, அது மேல சாதா டேப் ஒரு சுத்து, வீட்டுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி கேபிள்ல கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு, அங்கயே தண்ணி சொட்டிடும். ஆன்டெனா ஏத்துன அன்னிக்கே ஒவ்வொரு பேண்டுலயும் ரெண்டு மூணு இடத்துல எஸ்டபிள்யூஆர் என்ன காட்டுதுன்னு ஒரு தாள்ல எழுதி ரிக் பக்கத்துல ஒட்டிடுங்க, ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் அதோட ஒத்துப் பாருங்க, நம்பர் ஏறியிருந்தாலும் சரி, காரணமில்லாம இறங்கியிருந்தாலும் சரி, முதல்ல மேல போய் அந்த கனெக்டரைத் திறங்க.